முப்பத்தெட்டாவது படம்!

காமிராவில் போட்டது 36 படம் எடுக்கும் பிலிம். எண் காட்டும் இடத்திலோ 38! 'அடடா, இரண்டு படம் லாபம்!' என்று சந்தோஷப்படுகிறீர்களா, வாசகிகளே? ஓரிரண்டு படம் கூடுதலாகக் கிடைப்பது உண்டுதான். ஆனால் அதற்கப்புறமும் பிலிம் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால், வயிற்றில் புளியைக் கரைக்கும். எனக்குக் கரைத்தது.

சந்தேகமே இல்லை. பிலிமின் நுனி உள்ளே இருக்கும் உருளையில் மாட்டவே இல்லை. காலையிலிருந்து நான் 'கிளிக், கிளிக்' என்று தட்டிக்கொண்டிருக்க, பிலிம் தன் டப்பாவுக்குள் சுகமாகத் தூங்கியிருக்கிறது!

இது நடந்தது இஸ்தான்புல் நகரத்தில். ஒரு கரை ஐரோப்பா, மறு கரை ஆசியா. நடுவே பாஸ்பரஸ் ஜலசந்தி. மசூதிகளின் படம் போனதற்காக நான் வருந்தவில்லை. அவை கடைதோறும் தபால் அட்டையில் கிடைக்கின்றன. படகுத்துறையில் ஒரு பாட்டி, எள் தூவிய வளைய ரொட்டியைப் பிட்டு, ஒரு பாதியைப் பேரனுக்கும் மறு பாதியைக் கடற்பறவைகளுக்கும் கொடுத்தாளே, அவளை எந்தக் கடையில் போய் வாங்குவேன்?

அந்த ஊர்க்காரரான ஆரா கூலர் (1928–2018) இந்த ரகசியம் தெரிந்தவர். 1950களிலும் 60களிலும் அவர் கறுப்பு வெள்ளையில் பிடித்தவர்கள் யார் தெரியுமா? மீனவர்கள், சுமை தூக்குகிறவர்கள், படகுக்கு ஓடுகிறவர்கள். தம்மைக் கலைஞர் என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. பத்திரிகைப் படக்காரர் என்பதே போதும் என்பார். 1912-ல் கட்டிய கலாட்டா பாலம் 1992-ல் தீக்கு இரையாயிற்று. இன்றைக்கு நிற்பது புதுப் பாலம். பழைய பாலத்தின் ஜனங்களைப் பார்க்க வேண்டுமானால் அவருடைய படங்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

நீங்களும் பிலிம் காமிராவுடன் கடல் கடந்து போகிறீர்களா? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைக் கேளுங்கள். பிலிமை மாட்டிச் சுற்றும்போது, இடப்பக்கத்துக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள். வெயிலில் பிலிம் மாற்றாதீர்கள். புடவைத் தலைப்பின் நிழலே போதும். விமானத்தில் பிலிமைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம், அங்கே சோதிக்கும் கதிர்கள் கடுமையானவை. கைப்பையில் வைத்துக்கொண்டு, கையாலேயே சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். கடற்கரையில் மணலும் நீரும் கண்ணைக் கூசும். காமிராவின் ஒளிமானி அதில் ஏமாந்து முகங்களைக் கறுப்பாக்கிவிடும். முகத்தருகே போய் ஒளியை அளந்துவிட்டு வந்து எடுங்கள்.

மறுநாள் அதே படகுத்துறைக்குப் போனேன். பாட்டியைக் காணோம். படகில் வேறொரு அம்மாள், மடியில் காய்கறிப் பையுடன் உட்கார்ந்திருந்தாள். காமிராவைக் காட்டி, 'எடுக்கட்டுமா?' என்று ஜாடையால் கேட்டேன். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள், பையைக் கீழே மறைத்து வைத்தாள், பிறகு தலையசைத்தாள்.

எடுத்தேன். அடுத்த படத்துக்குச் சுற்றும்போது கண் தானாக இடப்பக்கம் போயிற்று.

குமிழ் சுழன்றது!