கத்தியின் கூலி

"ஒரு மணி நேரம் கத்தி பிடித்தார், ஒரு காணி நிலத்தின் ஓராண்டு விளைச்சலை வாரிக்கொண்டு போனார்!" என்று ஒரு குரல். "போன உயிரை மீட்டுத் தந்த கைக்குக் கணக்குப் பார்ப்பதா? எவ்வளவு கொடுத்தாலும் தகும்!" என்று மற்றொரு குரல். விழுப்புரம் சந்திப்பில் இறங்கி நடந்தாலும் கேட்கலாம்; திண்டிவனம் கடைத்தெருவில் நின்றாலும் கேட்கலாம். இரண்டு குரலிலும் உண்மை உண்டு. இரண்டிலும் பாதி உண்மைதான் உண்டு. மீதிப் பாதியை மறைத்து வைத்திருப்பவர் மருத்துவருமல்லர், நோயாளியுமல்லர். அவரை மேடைக்கு அழைத்து வருவதே இந்தக் கட்டுரையின் வேலை.

அறுவை மருத்துவர் எவ்வளவு ஈட்டுகிறார் என்று கேட்கிறோமே, அவர் எப்படி ஆக்கப்படுகிறார் என்று கேட்டோமா? மருத்துவப் பட்டத்திற்குப் பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள். அறுவை மருத்துவ மேற்படிப்புக்கு மூன்று ஆண்டுகள். நரம்பு, இதயம், சிறுநீரகம் எனத் தனித்துறை தேடினால் இன்னும் மூன்று ஆண்டுகள். ஆகப் பதினொன்றரை ஆண்டுகள்! பள்ளியை விட்டு வந்த பிள்ளை, எந்தத் தேர்விலும் ஓராண்டு தவறாமல் ஓடினாலும், முழுமை பெற்ற நிபுணராக நிற்கும்போது முப்பது வயதைத் தொட்டிருப்பார். உடன் படித்த நண்பன் அதற்குள் வேலைக்குச் சென்று, வீடு கட்டி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பான். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு மேடைக்கு வந்த எனக்கு, அந்தப் பதினொன்றரை ஆண்டு ஒரு மலையாகத் தெரிகிறது. அதை ஏறியவருக்குக் கூலி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. யார் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது, எங்கே கொடுப்பது என்பவைதாம் கேள்வி.

அந்த மலையை எந்த வழியாக ஏறினார் என்பதும் கூலியை முடிவு செய்கிறது, தோழர்களே! அரசுக் கல்லூரியில் இடம் பெற்றவர் கடனின்றி வெளியே வருகிறார். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பல இலட்சங்களை ஆண்டுதோறும் கொட்டிப் படித்தவர் என்ன செய்வார்? வட்டிக்கடைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே! கல்லூரி முதலாளி வாங்கிய கட்டணம், கடனாகி, வட்டியாகி, இறுதியில் செஞ்சியிலிருந்து வந்த உழவனின் குடலிறக்கத்துக்கான கட்டணச் சீட்டில் வந்து குந்துகிறது. சீட்டில் மருத்துவர் பெயர் இருக்கும். கல்லூரி முதலாளியின் பெயர் இராது. அவ்வளவுதான் வேறுபாடு.

'அறுவை மருத்துவர்' என்று ஒருமையில் பேசுவதே பிழை. மாநகரத்தின் பெரும் மருத்துவமனையில் பெயர் பெற்று, நாளொன்றுக்குப் பல அறுவைகள் செய்பவர் ஒருவர். சிறு நகரத்தின் நான்கைந்து மருத்துவ விடுதிகளுக்கு அழைப்பு வரும்போதெல்லாம் ஓடிச் சென்று, ஒவ்வோர் அறுவைக்கும் இவ்வளவு எனப் பெற்றுத் திரும்புபவர் ஒருவர். அரசு மருத்துவமனையில் இரவெல்லாம் விபத்து வழக்குகளைப் பார்த்துவிட்டுக் காலையில் புறநோயாளி வரிசையின் முன் அமர்பவர் ஒருவர். பட்டம் ஒன்று, கத்தி ஒன்று, கைத்திறன் ஒன்று. வருவாய் மட்டும் வானும் மண்ணும்! துறை எது, ஊர் எது, ஒரு மாதத்தில் எத்தனை அறுவை, மயக்க மருத்துவர் கிடைக்கிறாரா, குருதி வங்கி உண்டா, காப்பீடு எவ்வளவு தருகிறது, கட்டடம் யாருடையது என்னும் ஏழெட்டு கயிறுகள் அந்த வருவாயை இழுக்கின்றன. திறமை என்பது அவற்றுள் ஒரு கயிறுதான்.

நோயாளி கட்டிய பணம் முழுவதும் மருத்துவரின் சட்டைப்பைக்குப் போகிறது என்று எண்ணாதீர். அறை வாடகை, மருந்து, ஆய்வுக்கூடம், அறுவை அரங்கம், மயக்க மருத்துவர், செவிலியர் என அது பல வாய்க்காலில் பிரிகிறது. நோயாளியை அனுப்பி வைத்தவருக்குத் தரகு என்ற ஒரு கள்ள வாய்க்காலும் சில இடங்களில் ஓடுகிறது. அப்படித் தரகு கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நெறிமுறை விதி தெளிவாகவே சொல்கிறது. விதி ஏட்டில் இருக்கிறது. தரகு நாட்டில் இருக்கிறது!

இனி நம் ஊருக்கு வருவோம். விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே, நெடுஞ்சாலை ஓரத்தில், முண்டியம்பாக்கத்தில் நிற்கிறது அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2010இல் எழுந்தது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே இரவு பகலாய் ஊர்திகள் பறக்கும் சாலை அது. அந்தச் சாலையில் எலும்பு முறிந்தவன், தலை உடைந்தவன், குடல் கிழிந்தவன் யாராயினும் அவனுக்குத் தேவை ஓர் அறுவை மருத்துவர். விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், 2021 டிசம்பரில் திண்டிவனத்திற்கு வடக்கே அதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம், நாம் போற்றும் திட்டம். ஆனால் 48 மணி நேரத்தைக் காப்பது காகிதமல்ல. அரங்கத்தில் கத்தியோடு நிற்கும் மனிதர்!

அந்த மனிதருக்கு அரசு தரும் கூலி என்ன? தமிழ்நாடு அரசின் உதவி மருத்துவராகச் சேரும் நிபுணரின் தொடக்க அடிப்படை ஊதியம், 2016 முதல் கணக்கிடப்பட்ட அட்டவணைப்படி 56,100 ரூபாய். விழுப்புரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. அங்கே மத்திய அரசின் ஜிப்மர். அங்கு உதவிப் பேராசிரியராகச் சேர்பவரின் தொடக்க அடிப்படை, ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி 1,01,500 ரூபாய். மேற்படிப்புக்குப் பின் மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள், உண்மை. அந்த மூன்றாண்டு அனுபவத்தோடு முண்டியம்பாக்கத்தில் நிற்பவர்க்கு ஒரு இலட்சம் கிடைத்துவிடுகிறதா? மூன்று ஆண்டு உயர்வும் மேற்படிப்புப் படியும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுமா? போதாக்குறைக்கு, தனித்தொழில் செய்யாதிருப்பதற்கென மத்திய அரசு தன் மருத்துவர்க்கு அடிப்படையில் 20 விழுக்காடு படியும் தருகிறது. ஒரே நோய், ஒரே நோயாளி, ஒரே கத்தி! எல்லைக் கோட்டைத் தாண்டினால் கூலி வேறு!

பதவிப் படிகளைப் பாருங்கள். மத்திய அரசு மருத்துவர் 4, 9, 13, 20 ஆண்டுகளில் படிப்படியாக உயர்கிறார் என 2008இல் ஆணை வந்தது. நான்காம் ஊதியக் கட்டை அவர் 13ஆம் ஆண்டில் தொட்டார். தமிழ்நாட்டில் 2009இல் பிறந்த அரசாணை 354, நம் மருத்துவரை அதற்காக 20 ஆண்டு காக்க வைத்தது. அந்த ஆணை வந்த நாளில் அது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் பத்தாண்டுக்கு முன் தைத்த சட்டையை வளர்ந்த பிள்ளைக்கு மாட்டி, "ஏன் முகம் சுளிக்கிறாய்?" என்று கேட்பது என்ன நியாயம்? 12 ஆண்டில் அந்தக் கட்டைத் தருக என்று கேட்டனர் மருத்துவர்.

கேட்டவர்க்கு என்ன கிடைத்தது? 2019 அக்டோபர் 25இல் அரசு மருத்துவர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஊதியம் மட்டுமா கேட்டனர்? நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் எண்ணிக்கையை உயர்த்துக என்றும் கேட்டனர். அது தங்களுக்காகக் கேட்டதா, நமக்காகக் கேட்டதா? அன்றைய அ.தி.மு.க. அரசு பணி முறிவு என மிரட்டியது. நவம்பர் 1இல் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் இடமாற்ற ஆணைகள் பறந்தன. அவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தள்ளிற்று. தலைமை தாங்கிய மருத்துவர் இலட்சுமி நரசிம்மன் அதே மாதம் மறைந்தார். 2021இல் ஆட்சி மாறியது. அந்தக் கோரிக்கை ஓயவில்லை. கோட்டையில் அமர்பவர் எவராயினும் கேட்க வேண்டிய கேள்வி இது. கொடியின் நிறம் பார்த்துக் கேள்வியை மடித்து வைப்பவன் தொண்டனல்லன், துதிபாடி.

"தனித்தொழில் செய்ய அனுமதி இருக்கிறதே! மாலையில் ஈட்டிக்கொள்ளட்டுமே!" என்பார் சிலர். ஆம், தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணி நேரத்திற்குப் பின் தனியே மருத்துவம் பார்க்கத் தடையில்லை. அரசு தர வேண்டியதை நோயாளியிடம் வாங்கிக்கொள் என்பதன்றோ இதன் பொருள்? காலையில் அரசு, மாலையில் சந்தை. காலை வரிசையில் நிற்பவன் மாலை வாசலுக்கு வந்தால்தான் மருத்துவரின் வீட்டு அடுப்பு நன்றாக எரியும் என்றால், எந்த வாசலில் கதவு அகலத் திறக்கும்? நேர்மையானவர் இந்த இழுப்பை வெல்கிறார், பலர் வெல்கின்றனர், அவர்களை வணங்குகிறோம். ஆனால் நேர்மையை நாள்தோறும் தேர்வுக்கு அனுப்பும் ஏற்பாடு நல்ல ஏற்பாடாகாது.

"சந்தை முடிவு செய்யட்டும்" என்பார் வேறு சிலர். சந்தை முடிவு செய்திருக்கிறதே, பார்க்கவில்லையா? 2021–22ஆம் ஆண்டின் ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரம், நாட்டின் ஊரகச் சமுதாய நல மையங்களில் தேவைப்படும் அறுவை மருத்துவருள் 83 விழுக்காட்டினர் இல்லை என்றது. நூறு நாற்காலி போட்டால் பதினேழில்தான் ஆள்! இதுதான் சந்தையின் தீர்ப்பு. காசுள்ள இடத்தில் கத்தி. காசில்லாத இடத்தில் காத்திருப்பு. சில மாநிலங்கள் இறுதியில், "உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள், தருகிறோம்" என்று நிபுணர்களிடம் ஏலம் கேட்கும் நிலைக்கு வந்தன. தேசிய நல்வாழ்வு இயக்கமே அதற்கு இடம் தந்தது. முறையான ஊதியம் தர மறுத்த கை, முடிவில் ஏலத்தொகை தர நீண்டது!

சந்தையின் தாயகங்களே சந்தையை முழுதாக நம்பவில்லை. 1948இல் பிரிட்டன் மருத்துவத்தைப் பொதுவுடைமை ஆக்கியபோது, சுரங்கத் தொழிலாளியாய் வாழ்வைத் தொடங்கிய அமைச்சர் அனூரின் பெவன், எதிர்த்து நின்ற நிபுணர்களை ஊதியத்தாலும் தகுதிப் பரிசுத் தொகையாலும் பொது மருத்துவமனைக்குள் அழைத்து வந்தார். தனி நோயாளிகளை வைத்துக்கொள்ளவும் விட்டார்; அந்த விட்டுக்கொடுப்பு இன்றும் விவாதத்திற்குரியது. ஆனால் ஏழைக்கு நிபுணர் கிடைத்தார். அமெரிக்காவில் 1992 முதல் முதியோர் காப்பீட்டுத் திட்டம், ஒவ்வொரு சிகிச்சைக்கும் உழைப்பு, செலவு, இடர் ஆகியவற்றை அளந்து கட்டணம் வகுக்கிறது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் பணிபுரிந்தால் 10 விழுக்காடு கூட்டித் தருகிறது. முதலாளித்துவ அமெரிக்கா செய்வதை, சமூக நீதி பேசும் நாம் செய்யத் தயங்குவதா?

காப்பீடு வந்துவிட்டதே என்பீர்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது; 2012இல் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமாகப் பெயர் மாறித் தொடர்ந்தது. ஏழையின் கையில் அட்டை வந்தது. பெரும் மருத்துவமனையின் கதவு திறந்தது. இது வரலாறு. ஆனால் ஓர் எச்சரிக்கை. அறுவைக்கு இவ்வளவு எனத் தொகை கட்டும்போது, அறுவை செய்தால் வரவு. "அறுவை வேண்டாம், மருந்தே போதும்" என்று சொன்னால் வரவில்லை. நல்ல அறுவை மருத்துவரின் மேலான திறமை, எப்போது வெட்டக்கூடாது என்று அறிவது. அந்த அறிவுக்குக் கூலி தருவது மாதச் சம்பளம் ஒன்றுதான்! ஆகவே காப்பீடு துணை ஆகட்டும்; தூணாக நிற்க வேண்டியது அரசு ஊதியம்.

இன்னொரு சாவியும் நம் கையில் இருக்கிறது. ஊரில் பணிபுரியும் அரசு மருத்துவர்க்கு மேற்படிப்பில் ஒதுக்கீடு. அதைத் தட்டிப் பறிக்கப் பார்த்தனர். மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என 2020 ஆகஸ்டு 31இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. உயர்தனிப் படிப்பிலும் தமிழ்நாட்டின் 50 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 2022 மார்ச்சில் நடைமுறைப்படுத்த வழி திறந்தது. இது சலுகையன்று, தோழர்களே. கடனற்ற அறுவை மருத்துவரை ஆக்கும் பட்டறை! ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி செய்து, அரசுச் செலவில் கத்தி பிடிக்கக் கற்றவர் மீண்டும் ஊருக்கு வருவார். வந்தவரை நிறுத்தி வைக்கத்தான் ஊதியம் வேண்டும்.

"கூலித் தொழிலாளியின் கட்சி, இலட்சம் கேட்கும் மருத்துவனுக்கு வக்காலத்து வாங்கலாமா?" என்று நம் அணியிலேயே ஒரு முணுமுணுப்பு எழும். எழட்டும், விடை சொல்வோம். மருத்துவருக்காக வாதாடவில்லை, மயிலத்துக் கூலிக்காரனுக்காக வாதாடுகிறோம். அவன் மனைவியின் வயிற்றில் கட்டி. அரசு மருத்துவமனையில் அறுவை மருத்துவர் இருந்தால் அவள் பிழைக்கிறாள், ஆடும் மாடும் பிழைக்கின்றன. இல்லையேல், தனியார் வாசலில் அவன் வைப்பது தாலி, விற்பது நிலம். உலகெங்கும் ஆண்டுதோறும் 3 கோடிக்கும் மேற்பட்டோர் அறுவைச் செலவால் நொடிந்து போகின்றனர் என 2015இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. அரசு மிச்சம் பிடித்த ஊதியத்தை, பல மடங்காக அந்தக் குடிசை கட்டுகிறது!

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்தவர் ஓமந்தூரார். நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் முதல்வராய் இருந்தவர். அவர் பெயர் தாங்கிய வளாகத்தில், 2014 முதல், பன்னோக்கு உயர்தனி மருத்துவமனை நிற்கிறது. எங்கே? சென்னையில்! ஓமந்தூரின் பெயர் சென்னைக்குப் போனது, பெருமை. ஓமந்தூரின் நோயாளியும் சென்னைக்கே போக வேண்டியிருந்தால், அதுவும் பெருமையா?

நம் கோரிக்கை நான்கு. மத்திய அரசு மருத்துவர்க்கு நிகரான கால வரையறை ஊதியம். சிறு நகரத்தில் கத்தி பிடிப்பவர்க்கு மாநகரத்தினும் கூடுதல் படி. மருத்துவமனைக்குள் முழுநேரம் நிற்க ஒப்புபவர்க்குத் தனித்தொழில் துறப்புப் படி. மயக்க மருத்துவரும் செவிலியரும் குருதி வங்கியும் இல்லாமல் அறுவை மருத்துவரை மட்டும் அனுப்பிக் கணக்குக் காட்டாத நேர்மை.

கிளைக் கூட்டங்களில் பேசுங்கள். சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்கு வரும்போது கேளுங்கள்: "நம் மருத்துவமனையில் எத்தனை அறுவை மருத்துவர் இடம்? எத்தனை நிரம்பியிருக்கிறது? இரவில் மயக்க மருத்துவர் உண்டா?" இந்த மூன்று கேள்விக்கு விடை வாங்காமல் மாலை போடாதீர்கள். கத்தியின் கூலியை அரசு கொடுக்க வேண்டும். அது கொடுக்காத கூலியை ஏழை கொடுக்கிறான். சில வேளை உயிராகவே கொடுக்கிறான்!