கண்ட்ரி மட்டும் வேண்டாமா?

"எல்லாப் பாட்டும் கேட்பேன், கண்ட்ரி மட்டும் வேண்டாம்."

ஆங்கிலப் பாடல்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்கள் சொல்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளும் சொல்கிறாள். ஏன் என்று கேட்டால், பதில் பாட்டைப் பற்றி வருவதில்லை. கௌபாய் தொப்பி, பிக்கப் வண்டி, பீர், துப்பாக்கி, படிக்காத வெள்ளைக்காரர்கள் என்று ஆட்களைப் பற்றியே வருகிறது.

நம் பெரியவர்கள் பலருக்கு இந்த இசை அந்நியமல்ல. எங்கள் வீட்டில் டி.எம்.எஸ். கேசட்டுகளுக்குப் பக்கத்திலேயே ஜிம் ரீவ்ஸ் கேசட்டுகளும் இருந்தன. 1964இல் விமான விபத்தில் இறந்துபோன அந்த டெக்சஸ்காரரின் தணிந்த குரல் என் அப்பாவுக்கு உயிர். பக்கத்துச் சிங்கப்பூரில் மேத்யூ அண்ட் த மாண்டரின்ஸ் என்ற குழு 1970களில் 'சிங்கப்பூர் கௌபாய்' என்றே ஒரு பாடல் தந்தது.

அந்த அப்பாக்களும் இப்போது வேறொன்று சொல்கிறார்கள்: "அந்தக் காலத்துக் கண்ட்ரி எங்கே, இப்போது வருவது எங்கே!" ஆக, பிள்ளைகளுக்குக் கண்ட்ரியே மட்டம், பெரியவர்களுக்கு இன்றைய கண்ட்ரி மட்டம். இரண்டையும் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் பிள்ளைகள் சொல்வது. 1996இல் பெத்தனி பிரைசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதிகம் படித்தவர்கள் பலவகை இசையை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் சிலவற்றை மட்டும் ஒதுக்குகிறார்கள் என்று அவர் கண்டார். ஒதுக்கப்பட்டவை ராப், ஹெவி மெட்டல், காஸ்பல், கண்ட்ரி. இந்த நான்குக்கும் பொதுவான ராகமோ தாளமோ கிடையாது. கல்வி குறைந்தவர்கள் விரும்பிக் கேட்பவை என்பதுதான் ஒற்றுமை. காது ஒதுக்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒதுக்குவது அந்தஸ்து.

கண்ட்ரி என்றால் வெள்ளைக்காரர் இசை என்ற எண்ணமும் அப்படித்தான். பாஞ்சோவின் மூலம் ஆப்பிரிக்கா. நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர், மௌத் ஆர்கன் வாசித்த டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர். ஹேங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பேய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். ஒரே ஊரில் ஒரே மாதிரிப் பாடிக்கொண்டிருந்தவர்களை 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள்தான் பிரித்தன. வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி', கறுப்பர் பாடினால் 'ரேஸ்' என்று பெயர் ஒட்டித் தனித்தனியாக விற்றன.

அந்தப் பழக்கம் லேசில் போகவில்லை. 1960களில் சார்லி பிரைட் பாட வந்தபோது அவருடைய முதல் இசைத்தட்டுகள் புகைப்படம் இல்லாமலே வானொலிகளுக்கு அனுப்பப்பட்டன. நிறம் தெரிந்தால் ஒலிபரப்ப மாட்டார்களோ என்ற பயம். 1971இல் கண்ட்ரி உலகின் மிகப் பெரிய விருது அவருக்கே கிடைத்தது. ஆனாலும் 2019இல் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாடலை, அது கண்ட்ரி இல்லை என்று சொல்லி, கண்ட்ரி வரிசையிலிருந்து பில்போர்ட் நீக்கியது. அதே பாடல் பொது வரிசையில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

இனி அப்பாக்கள் சொல்லும் குறைக்கு வருவோம். கண்ட்ரி கெட்டுப்போய்விட்டது என்ற புலம்பலுக்கு வயது அதிகம். 1950களின் இறுதியில் நாஷ்வில் தயாரிப்பாளர்கள் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கிவிட்டு, வயலின் கூட்டத்தையும் கோரஸ் குரல்களையும் கொண்டுவந்தார்கள். "இது கண்ட்ரியே இல்லை" என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தப் புதுப்பாணியின் முக்கியமான குரல் யார் தெரியுமா? என் அப்பாவின் ஜிம் ரீவ்ஸ்தான்! 1975இல் ஜான் டென்வருக்குப் பெரிய விருது கிடைத்தபோது, அதை அறிவிக்க மேடை ஏறிய சார்லி ரிச் பெயர் எழுதிய தாளை லைட்டரால் கொளுத்தினார். டென்வர் கண்ட்ரிக்காரர் அல்ல என்ற எதிர்ப்பாகவே பலரும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் தரம் குறைந்தது என்பது வெறும் வயதானவர்கள் புலம்பலா? அதுவும் இல்லை. 2010களில் வானொலியில் ஓடிய கண்ட்ரி பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். பிக்கப், மண்சாலை, பீர், ஜீன்ஸ் போட்ட பெண். அரைத்த மாவையே அரைத்தார்கள். 'ப்ரோ கண்ட்ரி' என்று 2013இல் ஒரு விமர்சகர் அதற்குப் பெயரே வைத்தார். ஆறு வெற்றிப் பாடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டு, ஆறும் ஒரே பாட்டுப் போலக் கேட்பதை ஒருவர் இணையத்தில் காட்டினார்.

இதற்குக் காரணம் ரசிகர்களின் ரசனை மட்டும்தானா? 1996இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் மாறியது. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பு போனது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள். ஊருக்கு ஊர் அறிவிப்பாளர் தேர்ந்தெடுத்த பாட்டு போய், தலைமையகம் தேர்ந்தெடுத்த பாட்டு வந்தது. 2015இல் ஒரு வானொலி ஆலோசகர், கண்ட்ரி நிலையங்கள் பெண் குரல்களைக் குறைத்துப் போட வேண்டும் என்று சொல்லி, அவர்களைச் சாலட்டில் போடும் தக்காளிக்கு ஒப்பிட்டார். தட்டில் இதைத்தான் வைப்போம் என்று வைத்துவிட்டு, சாப்பிடுகிறவனுக்கு நாக்கு செத்துவிட்டது என்பது நியாயமா?

வானொலியை விட்டு வெளியே வந்தால் காட்சி மாறுகிறது. கண்ட்ரி வானொலி பெரிதாகக் கண்டுகொள்ளாத கேசி மஸ்கிரேவ்ஸின் 'கோல்டன் ஹவர்' 2019இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. கறுப்பினப் பாடகி டிரேசி சாப்மன் 1988இல் எழுதிப் பாடிய 'ஃபாஸ்ட் கார்', வறுமையிலிருந்து தப்பிக்கத் துடிக்கும் ஒரு பெண்ணின் கதை. அன்று யாரும் அதைக் கண்ட்ரி என்று சொல்லவில்லை. 2023இல் லூக் கோம்ப்ஸ் அதைப் பாடினார். அதே பாட்டு கண்ட்ரி உலகின் ஆண்டின் சிறந்த பாடலானது. விருது வாங்கியவர் அதை எழுதிய சாப்மன்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்கு நம் வீட்டு வரவேற்பறையும் ஒரு காரணம். 2006இல் யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' வந்தபோது நம் பிள்ளைகள் தமிழ் ராப்பைக் கொண்டாடினார்கள். தமிழ் ராப் கேட்கும் பையன் என்றாலே "படிக்காதவன், ரௌடி" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தோட்டப்புறத்து ரசனை என்று ஏளனமாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். தோட்டத்திலிருந்து வந்த நாமே அதைச் சொல்வதுதான் வேதனை. பாட்டை வைத்து ஆளை எடைபோடுவது இங்கும் நடக்கிறது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகனின் பாட்டைக் குறை சொல்லுமுன், அவன் காதில் மாட்டியிருப்பதில் ஒரு பக்கத்தை வாங்கி ஒரு பாட்டை முழுக்கக் கேளுங்கள். இளையவர்களே, நீங்களும் அப்பாவின் ஜிம் ரீவ்ஸுக்கு மூன்று நிமிடம் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகப் பாட்டைத் திட்டுங்கள். அதைக் கேட்கிற மனிதரை விட்டுவிடுங்கள்.