மாத்திரை ஏன் டப்பாவிலேயே கிடக்கிறது?

"மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்கிறார். "சாப்பிடுகிறேன், ஐயா" என்று பதில் வருகிறது. டாக்டர் சோதனைச் சீட்டைப் பார்க்கிறார். ரத்தத்தில் சர்க்கரை 300! இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதிக் கொடுக்கிறார். வீட்டிலோ போன மாதத்து மாத்திரையே பாதிக்கு மேல் டப்பாவில் கிடக்கிறது.

ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் நடக்கும் நாடகம் இது. பொய் சொன்னவர் நோயாளிதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் ஏன் பொய் சொன்னார் என்று கேட்பார் யாரும் இல்லை.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் தெரிவித்தது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு இந்த வியாதி. நாள்பட்ட வியாதிக்காரர்களில் சொன்னபடி மருந்து சாப்பிடுவோர் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் என்று 2003-லேயே உலக சுகாதார நிறுவனம் கூறியது. அதுவும் பணக்கார நாடுகளின் கணக்கு. ஏழை நாடுகளில் இன்னும் குறைவு. ஆகவே, "நம் ஜனங்களுக்குப் புத்தி போதாது" என்று சொல்லிக் கை கழுவிவிட முடியாது.

பல்வலி வந்தால் நடுராத்திரியிலும் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். சர்க்கரை வலிப்பதில்லை. கண்ணின் பின்புறத்து மெல்லிய ரத்தக் குழாய்களையும், சிறுநீரகத்தையும், பாதத்து நரம்புகளையும் அது சத்தமில்லாமல் வருடக்கணக்கில் அரிக்கிறது. காலில் முள் குத்தியதுகூடத் தெரியாத நிலை வந்த பிறகுதான் பலர் விழிக்கிறார்கள்.

வியாதி தொல்லை தருவதில்லை. மாத்திரையோ உடனே தருகிறது! மெட்பார்மின் சாப்பிட ஆரம்பித்த புதிதில் சிலருக்கு வயிறு கலங்கும். வீட்டில் இருப்பவர் சமாளித்துக்கொள்வார். ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் என்ன செய்வார்? வேலை நாளில் மாத்திரையை விட்டுவிடுவார். சாப்பாட்டோடு சாப்பிட்டால் தொல்லை குறையும், சிறிது அளவில் தொடங்கிக் கூட்டலாம், மெதுவாகக் கரையும் மாத்திரையும் உண்டு. இவ்வளவையும் அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டுமே!

இதைவிட முக்கியமானது தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு நடவுக்குப் போகிறாள் ஒருத்தி. கஞ்சி குடிக்க மணி பதினொன்று ஆகிறது. அதற்குள் உடம்பு வேர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அன்றோடு மாத்திரைக்கு முழுக்கு! இவள் முட்டாள் அல்ல, உயிருக்குப் பயந்தவள். மாத்திரை எழுதும்போதே, "நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், வேறு மருந்தோ வேறு நேரமோ கொடுத்திருக்கலாம்.

இன்னொரு கூட்டம், "சர்க்கரை சரியாகிவிட்டது" என்று நிறுத்துகிற கூட்டம். குடை பிடித்திருப்பதால் நனையவில்லை. நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையை மடக்கினால் என்ன ஆகும்? ஆனால் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து சாப்பிட்டுப் பழகியவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? வாழ்நாள் முழுவதும் மாத்திரை என்பது மனம் எளிதில் ஒப்புக்கொள்ளும் சங்கதி அல்ல.

"மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெட்டுப்போகும்" என்ற பேச்சும் ஊரெங்கும் உலவுகிறது. பத்து வருஷம் மாத்திரை சாப்பிட்டவருக்குச் சிறுநீரகம் பழுதாவதை அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்கள். பழியை மாத்திரையின் மேல் போடுகிறார்கள். பெரும்பாலும் கெடுத்தது அடங்காத சர்க்கரையும் ரத்தக் கொதிப்புமே. சிறுநீரகம் தளர்ந்த பிறகு சில மாத்திரைகளைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும். அதைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் பலப்படுகிறது!

இன்சுலின் கதையும் இதுதான். 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில், எலும்பும் தோலுமாகக் கிடந்த லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் அதைப் போட்டார்கள். அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அப்படி உயிர் கொடுத்த மருந்துக்கு இங்கே "கடைசி ஊசி" என்ற கெட்ட பெயர். கால் அழுகிய பிறகே பலர் அதற்குச் சம்மதிக்கிறார்கள். ஊசி போட்டும் கால் போய்விட்டது என்று கேள்விப்பட்டவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள்.

பணம் ஒரு காரணம் இல்லையா? உண்டு. கணவனுக்கு முழு மாத்திரை வாங்கிவிட்டுத் தனக்கு அரை மாத்திரையாக உடைத்துச் சாப்பிடும் தாய்மார்கள் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் வரிசையில் நிற்க ஒரு நாள் கூலி போகும். இந்தக் கஷ்டத்தைக் குறைக்கவே 2021 ஆகஸ்டில் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்று, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே அனுப்பத் தொடங்கியது. நல்ல காரியம். ஆயினும் வீட்டுக்கு வந்த மாத்திரை வயிற்றுக்குள் போக வேண்டுமே! போன தடவை வெள்ளை, இந்தத் தடவை மஞ்சள் என்றால், கண் மங்கிய பாட்டி இரண்டையும் சாப்பிடுவாள். அல்லது இரண்டையும் விட்டுவிடுவாள்.

திட்டினால் இவர்கள் திருந்துவதில்லை. பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து பத்தியம், மாத்திரை எல்லாம் கச்சிதம்! அன்றைய சர்க்கரை அழகாக இருக்கும். மூன்று மாதக் கணக்கைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி. சோதனைதான் குட்டை உடைக்கும்.

"ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். "இந்த வாரம் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போயிற்று? எந்த வேளை கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டால் உண்மை வர வழி உண்டு. கூட்டம் நெரிகிற ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு நேரம் இல்லை என்றால் நர்ஸ் கேட்கலாம்; மருந்து கொடுக்கிறவர் கேட்கலாம். மூன்று வேளை மருந்தை ஒரு வேளையாகச் சுருக்க முடியுமா என்று பார்க்கலாம்.

நோயாளியும் ஒன்று செய்யலாம். அடுத்த தடவை போகும்போது அந்த டப்பாவையே பையில் போட்டு எடுத்துப் போகட்டும். மீந்த மாத்திரைகளை டாக்டர் மேஜையில் வைத்து, "இவ்வளவு மீதி, ஐயா, இதைச் சாப்பிட்டால் எனக்கு இப்படிச் செய்கிறது" என்று சொல்லட்டும். புது மாத்திரை எழுதுவதற்கு முன் டாக்டர் அதை எண்ணிப் பார்க்கட்டும்.