காசியும் கல்வியும்

நவராத்திரி நாட்களிலே நமது கல்லூரி மண்டபத்தில் மாணவரும் ஆசிரியரும் எழுந்துநின்று சகலகலாவல்லிமாலையை ஓதுகின்றோம். ஏடு தொடக்கிய சிறுவன் முதல் பல்கலைக்கழகம் புகவிருக்கும் இளைஞன் வரை அதனை அறியாதார் இலர். ஆயினும், அந்நூல் எவ்வூரிலே, எத்தேவையை முன்னிட்டுப் பிறந்தது என்று வகுப்பிலே வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. பதினேழாம் நூற்றாண்டிலே திருவைகுண்டத்துக் குமரகுருபர அடிகள் வடநாடு சென்று காசியை அடைந்தார். அங்கே ஒரு மடம் நிறுவ விரும்பிய அவர், நாட்டை ஆண்ட முகலாய அதிகாரியைக் காணவேண்டியவரானார். அந்த அதிகாரியின் மொழி அடிகளுக்குத் தெரியாது. அம்மொழியறிவை வேண்டிக் கலைமகள்மீது பாடிய மாலையே சகலகலாவல்லிமாலை என்பது வழிவழி வந்த வரலாறு. நாம் ஆண்டுதோறும் பாடும் அப்பாமாலை, அந்நிய ஊரிலே அறியாத மொழியொன்றைக் கற்க விழைந்த ஒரு தமிழரின் வேண்டுதல் என்பதை ஈண்டு முதற்கண் நினைவூட்ட விரும்புகின்றேன்.

காசி கற்போருக்கு உரிய ஊர். நாமோ அதனை முதியோருக்கும் இறந்தோருக்கும் உரியதென ஒதுக்கிவிட்டோம். இது தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எங்கள் வீட்டுப் பூசையறையிலே வாய் அடைக்கப்பட்ட சிறு செப்புச் செம்பு ஒன்று இருந்தது. பேரனார் காலத்தில் யாரோ ஒருவர் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைத் தீர்த்தம் அது. ஆச்சியின் உயிர் பிரியும் வேளையிலேதான் அது திறக்கப்பட்டது. சிறுவனாகிய நான் காசி என்னும் பெயரைப் பொருளோடு அறிந்தது அன்றுதான். நம்மவருட் பலர் காசியை அறிந்ததும் இவ்வாறே. இல்லையேல், நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கண்டோரும் அதன் புகழைக் கேட்டோரும் அறிந்தவாறு, அரிச்சந்திரன் காவல் காத்த சுடலையாக அதனை அறிந்திருப்பர். செம்பும் சுடலையும் பொய்யல்ல. மணிகர்ணிகைத் துறையிலும் அரிச்சந்திரன் துறையிலும் இன்றும் ஈமத்தீ எரிகின்றது. ஆனால் காசி அவ்வளவே அன்று.

வருணை, அசி என்னும் இரு சிற்றாறுகளுக்கு இடைப்பட்டமையால் வாரணாசி எனப் பெயர் வந்தது என்பர். தென்கிழக்கு நோக்கிச் செல்லவேண்டிய கங்கை இவ்விடத்திலே வடக்கு நோக்கித் திரும்பிப் பிறைபோல் வளைகின்றது. நகரம் மேற்குக் கரையின் மேட்டிலே அமைந்தது. எதிர்க்கரையின் பெரும்பகுதி வெறும் மணற்பரப்பு. ஆதலால் எழுஞாயிற்றின் முதற்கதிர் தடையின்றிப் படித்துறைகளிற் படிகின்றது. எண்பதுக்கு மேற்பட்ட அத்துறைகளிலே விடியற்காலையில் நீராடுவோரும் உடற்பயிற்சி செய்வோரும் பாடம் ஓதுவோரும் அருகருகே இருப்பர். சாவும் வாழ்வும் ஒரே படிக்கட்டில் இறங்கும் ஊர் அது.

அவ்வூரின் கல்விச் சிறப்பைச் சிறிது நோக்குவோம். மான்மந்திர் துறையின் மாளிகை உச்சியிலே, பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெயப்பூர் மன்னர் சவாய் ஜெயசிங் அமைத்த வானாய்வுக் கருவிகள் இன்றும் உள்ளன. கல்லாலும் சுண்ணத்தாலும் கட்டிய அக்கருவிகளைக் கொண்டு ஞாயிறு முதலியவற்றின் நிலையை அளந்தனர். 1791இல் ஜொனதன் டங்கன் என்னும் ஆங்கில அதிகாரி அங்கே சமக்கிருதக் கல்லூரி ஒன்றை நிறுவினார்; இன்று அது பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. 1898இல் அன்னி பெசன்ட் அம்மையார் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். மதன்மோகன் மாளவியா பலரிடமும் நன்கொடை வேண்டி நின்று 1916இல் எழுப்பிய இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அக்கல்லூரியே கருவாக அமைந்தது. இந்து என்னும் பெயரைத் தாங்கிய கல்லூரியொன்றின் மக்களாகிய நாம் இவ்வரலாற்றை அறியாதிருத்தல் தகுமோ?

கல்வி ஏட்டில் மட்டும் இல்லை. பட்டு நெய்யும் தறிகளின் ஓசை காசியின் பல தெருக்களிலே கேட்கும். அத்தறிகளில் இருப்போருட் பெரும்பாலார் முஸ்லிம்கள். அவர்கள் நெய்யும் சேலையே நம் மணப்பெண்டிர் விரும்பும் பனாரஸ் பட்டு. சாதியையும் சடங்கையும் கடிந்த கபீரும் காசி நெசவாளர் குடியில் வளர்ந்தவரே. தோல்வேலை செய்த குடியிற் பிறந்த ரவிதாசரும் அந்நகரத்தவரே. துளசிதாசர் அங்கே நெடுநாள் வாழ்ந்து 1623இல் மறைந்தார். செனாய் வாத்தியத்தை மணவீட்டு முற்றத்திலிருந்து இசையரங்குக்கு உயர்த்திய பிஸ்மில்லாகான் கங்கைக் கரையின் பாலாஜி கோயிலிலே சாதகம் செய்தவர். 2001இல் பாரதரத்தினா விருது பெற்ற அப்பெரியார் 2006இல் மறையும்வரை காசியை விட்டு நீங்க விரும்பவில்லை. ஒரு நகரத்தின் பெருமை ஒரு சாராரால் மட்டும் ஆவதன்று என்னும் பாடத்தை, இனப்போரின் துன்பத்தை நுகர்ந்த நம் நாட்டு இளைஞர் வேறெங்கே இவ்வளவு தெளிவாகக் கற்பர்?

காசியிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவிலே சாரநாத் உளது. புத்தர்பெருமான் முதன்முதல் அறமுரைத்த இடம் அது. அசோகனின் தூணுச்சியில் நின்ற நான்கு சிங்கங்கள் அங்கேதான் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 1950 முதல் அவை இந்திய அரசின் இலச்சினையாயின. அங்குள்ள மூலகந்தகுடி விகாரையை 1931இல் எழுப்பியவர் இலங்கையரான அநகாரிக தர்மபால. 1933இல் அவர் மறைந்ததும் அம்மண்ணிலேயே. நம் தமிழ் முனிவர் மடம் கண்ட நகருக்கு அயலிலே சிங்களப் பெரியாரொருவர் விகாரை கண்டார். ஒரே தீவினின்று செல்லும் இரு சாராரும் ஒரே நாளில் இரண்டையும் வணங்கி மீளலாம். அவ்வாறு மீள்வோர் தம்முள் உரையாடுவதற்குப் பொருள் இல்லாமற் போகாது.

இளமையிலே காசிக்குச் சென்றவன் எவ்வாறு திரும்புவான் என்பதற்குச் சான்று வேண்டின், பாரதியாரைக் காண்க. தந்தையை இழந்து 1898இல் அத்தை வீட்டை நாடி அனுமான் துறைக்குச் சென்றபோது அவருக்குப் பதினாறு வயதும் நிரம்பவில்லை. அங்கே சமக்கிருதமும் இந்தியும் பயின்றார். தலைப்பாகையும் மீசையும் அங்கே வந்தன. அதற்கும் மேலாக, எட்டயபுரத்து இளைஞரின் பார்வை ஒரு பெருநாட்டின் அளவுக்கு விரிந்தது. அறுபதாம் வயதிற் சென்றிருந்தால் ஒருவேளை செம்பும் கையுமாகத் திரும்பியிருப்பார்.

காசியிலே குறை இல்லையென்று நான் கூறவில்லை. 1916 பெப்ரவரியில் இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவிலே பேசிய காந்தியடிகள், விசுவநாதர் ஆலயத்தைச் சூழ்ந்த சந்துகளின் அழுக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். அரசர்கள் அணிந்திருந்த அணிகலன்களையும் கண்டித்தார். அவையோர் முகஞ்சுளித்தனர். ஆலயத்தைச் சூழ்ந்த நெருக்கம் அண்மையில் அகற்றப்பட்டு 2021இல் அகன்ற வழி திறக்கப்பட்டது. கங்கையைத் தூய்மையாக்கும் திட்டம் 1986இல் தொடங்கியும் ஆற்றின் நோய் இன்னும் முற்றாகத் தீரவில்லை. சங்கடமோசன ஆலயத்தின் தலைமைக் குருவாகிய வீரபத்திர மிசிரர் அப்பல்கலைக்கழகத்திலே நீரியற் பொறியியற் பேராசிரியராகவும் விளங்கினார். விடியலிலே கங்கையைத் தாயென வணங்கி மூழ்கிய அவரே, அந்நீரில் எத்துணைக் கழிவு கலந்துள்ளது என்பதை ஆய்வுக்கூடத்தில் அளப்பதற்கும் வழி செய்தார். 2013இல் மறைந்த அப்பெரியாரை நம் மாணவருக்கு நான் முன்னோடியாகக் காட்டுவேன். பத்தி கண்ணை மூடவேண்டியதில்லை. அறிவு கைகூப்ப மறுக்க வேண்டியதும் இல்லை. இந்துக் கல்லூரியொன்றின் நோக்கம் இதனின் வேறாகுமோ?

ஆதலின் இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வளைவுகளுக்கும் மாலைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் நாம் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுதோறும் மூன்று மாணவரையும் ஓர் ஆசிரியரையும் பத்து நாட்களுக்குக் காசிக்கு அனுப்புதல் வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதி முடிவை நோக்கியிருக்கும் மாதங்கள் அதற்கு ஏற்றவை. கலைப்பிரிவில் ஒருவரும் விஞ்ஞானப்பிரிவில் ஒருவரும் செல்லட்டும். மூன்றாமவர் வறுமையால் கடல் கடக்க இயலாதவராக இருக்கட்டும். ஒருவர் குமரகுருபரர் வழிபட்ட கேதாரத்தையும், ஒருவர் ஆற்றுநீரையும், ஒருவர் சாரநாத்தையும் ஆராய்ந்து, மீண்டபின் காலைக் கூட்டத்திலே கட்டுரை படிக்கட்டும். அக்கட்டுரைகள் நமது நூலகத்தில் இருக்கட்டும்.

இந்நாட்டிலே காணவேண்டியவை பல இருக்கக் காசி எதற்கு எனச் சிலர் வினவலாம். நல்லூரையும் பொலனறுவையையும் காணாதவன் காசிக்குச் செல்லவேண்டாம் என்பதே என் கருத்தும். ஆயின் அவற்றைக் கண்டவனை அங்கேயே நிறுத்திவிடுதல் கல்வியன்று. "காசிக்குப் போயும் கருமம் தொலையவில்லை" என்னும் பழமொழி, போயும் எதனையும் கற்காது மீண்டவர்க்கே பொருந்தும்.

எங்கள் வீட்டுச் செம்பு வெறுமையாயிற்று. அதனை நிரப்ப நான் இன்னும் காசி செல்லவில்லை. எனக்கு முன்னே என் மாணவன் ஒருவன் சென்று, தான் கண்டதை எனக்குக் கற்பிப்பானாயின், தமிழாசிரியனாகிய எனக்கு அதனினும் பெரிய தீர்த்தம் வேண்டுவதில்லை.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!