மாத்திரைக்கும் வேளை உண்டு

உச்சிக்கால நைவேத்தியத்தை அர்த்தஜாமத்தோடு சேர்த்துச் செய்துவிடலாம் என்று எந்த அர்ச்சகரும் எண்ணுவதில்லை. மாத்திரை டப்பாவின் முன் அமரும் பெரியவர்கள் பலர் மட்டும் அப்படி எண்ணிவிடுகிறார்கள். தைராய்டு, சர்க்கரை, இரும்பு, கால்சியம் என்று நான்கையும் உள்ளங்கையில் கொட்டி, காலைக் காபியோடு விழுங்கிவிட்டால் கடமை முடிந்ததாம்!

உடல் அதை ஏற்பதில்லை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபிகூட இல்லாமல் காத்திருக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் குடலில் அதனோடு பிணைந்து, இரத்தத்தில் சேரவிடாமல் தடுப்பவை. அவற்றுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இது தெரியாமல் போனால், பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வரும். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். குறை மாத்திரையில் இல்லை, வேளையில்தான்.

விடியற்காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நீராடி, விளக்கேற்றி, சகஸ்ரநாமம் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் காத்திருப்பு தானே கழிந்துவிடும். முற்பகலில் எலுமிச்சைச் சாற்றுடன் இரும்பு. இரவு உணவோடு கால்சியம். இரும்புக்குக் காபியும் தேநீரும் பகை. அதற்காக டிகிரி காபியைத் துறக்கச் சொல்வது கொடுமை. ஓரிரு மணி நேரம் தள்ளி அருந்தினால் போதும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பெரும்பாலும் வாரம் ஒருமுறைக்கு உரியது. அதைத் தினசரி மாத்திரை என்று எண்ணி உட்கொள்பவர்கள் உண்டு. அது உடலில் தேங்கி, இரத்தத்தில் கால்சியத்தை மிகுவித்து, குமட்டல், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோகும். வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்து, நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு பி12 குறையலாம். பாலும் தயிரும் தவிர வேறு வழியில்லாத சைவ உணவுக் குடும்பங்களில் இது கூடுதல் கவலை. பிரதட்சிணத்தில் பாதம் மரத்துப்போனால் முதுமை என்று விட்டுவிடாமல் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஏகாதசி உபவாசம் இருப்பவர்கள் அன்றைய சர்க்கரை மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சில வகை மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை மயக்கம் வருமளவுக்கு இறக்கிவிடும். பஞ்சாங்கத்தில் தேதி இருக்கிறது. கேட்க அவகாசமும் இருக்கிறது.

இன்னொன்று, மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் பெரிய புட்டி. அதிலும் இரும்பும் கால்சியமும் இருக்கலாம். ஒரே தொகையை இருமுறை வரவு வைத்த கணக்காகிவிடும். ஆகையால் லேகியம், சூரணம் உட்பட எல்லாவற்றையும் பெயர், அளவு, வேளையுடன் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். க்ஷேத்திராடனம் கிளம்பும்போது அந்தத் தாளின் நகலும் மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும். பேருந்தின் அடியில் வைக்கும் பெட்டியில் வேண்டாம்.