எஞ்சின் கொதிப்புக்குத் தெர்மோஸ்டாட்டைப் பழிக்காதீர்கள்

'மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பிக்கப்புக்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு 71 டிகிரி போடுங்கள். எஞ்சின் கொதிக்காது' என்கிற வாதம் அடிப்படையிலேயே தவறு. தெர்மோஸ்டாட் எஞ்சினின் குறைந்தபட்சச் சூட்டைத்தான் தீர்மானிக்கிறது. கல்லாறு தாண்டிச் சுமையோடு இரண்டாம் கியரில் ஏறும்போது 82-ம் முழுதாகத் திறந்திருக்கும், 71-ம் முழுதாகத் திறந்திருக்கும். அதற்கு மேல் சூட்டை அடக்க வேண்டியது ரேடியேட்டரும் ஃபேனும் தண்ணீர்ப் பம்பும்தான்.

உயரம் ஒரு காரணம் என்பது உண்மை. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் வண்டியில் அப்படி நடப்பதில்லை. ரப்பர் தேய்ந்த மூடியை விட்டுவிட்டுத் தெர்மோஸ்டாட்டை மாற்றி என்ன பயன்?

நஷ்டமோ நிச்சயம். எஸ்டேட்டில் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரிக்கு ஓடும் பிக்கப்புக்குத் தூரமும் குறைவு, வேகமும் குறைவு. ஜனவரி உறைபனிக் காலையில் அந்த எஞ்சின் சூடேறவே நேரமெடுக்கும். 71 போட்டால் அது சரியான சூட்டை எட்டாமலே நிற்கும்: டீசல் முழுதாக எரியாது, மிச்சம் ஆயிலில் கலக்கும், ஈரம் ஆவியாகாமல் ஆயில் கெடும், சிலிண்டர் தேயும். கேத்தியிலிருந்து கேரட் ஏற்றி இறங்கும் வண்டிக்கும் இதே கதிதான். இறக்கத்தில் எஞ்சின் தானாகவே குளிர்கிறது.

வண்டி கொதித்தால் மூடி, கூலன்ட், ஃபேன் கிளட்ச், ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் பழுதென்றால் கம்பெனி சொன்ன டிகிரியிலேயே புதிதாகப் போடுங்கள்.