கீழ்வீட்டிற் பொங்கும் கழிவுநீர்

பூம்ப்ளிஸ் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் வாழும் குடும்பங்கள் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். மேல்வீடுகளின் குசினி, குளியலறை, மலசலகூடம் யாவற்றின் கழிவும் பெரும்பாலும் ஒரே குழாய் வழியாகவே இறங்குகின்றது. அக்குழாய் அடியில் அடைபட்டால், மேலே திறந்துவிடப்படும் நீர் கீழ்வீட்டுக் குளியல் தொட்டியிலோ நிலக்கீழ்ச் சலவை அறையிலோ பொங்கி எழும். ஊரிலே மலக்குழியைப் பின்வளவின் கோடியில் வைத்திருந்த நமக்கு இது புதிய சங்கடம்.

இவ்வேளையில் நம்மவர் பலர் கதவைச் சாத்திக்கொண்டு தாமே துடைக்கின்றனர். குழாயை அடைத்தவர் நீங்களே என்று வீட்டு உரிமையாளர் பழி சுமத்துவாரோ என்ற அச்சமே காரணம். (பொரித்த எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றும் வழக்கம் நம்மிடம் உண்டென்பதை மறைப்பதற்கில்லை, அது குழாயினுள் உறைந்துவிடும்.) ஆனால் சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 257 ஜி பிரிவு, பழுதை அறிவிக்கும் கடமையை வாடகைக்கு இருப்போர் மீது வைத்துள்ளது. அறிவியாது விட்டதால் நேரும் சேதத்துக்கு அவர்களே பொறுப்பாளிகள். ஆகவே உடனே ஹவுஸ்வார்ட்டுக்கு அறிவியுங்கள். நீரைத் திறக்கவேண்டாமென மேல்வீட்டாரையும் கேளுங்கள். பொருட்களை அகற்றுமுன் படம் எடுத்துவையுங்கள். காப்புறுதிக்கும் அது உதவும்.

கழிவுநீர் விளைக்கும் கேட்டை இதே பேர்ண் மாநிலம் கண்டிருக்கின்றது. 1998 ஓகஸ்டில், பீல் ஏரிக்கரையிலுள்ள லா நெவ்வில் என்னும் ஊரில் பம்பி ஒன்று பழுதுற்று, கழிவு நிலத்தடி நீரிற் கலந்தது. குழாய்நீரை அருந்தியோரில் 1500க்கு மேற்பட்டோர் வயிற்றோட்டமும் வாந்தியுமாய் வீழ்ந்தனர். அங்கே குடிநீர் வழியாக வந்த கிருமிகள், நம் வீட்டிலே தரையைத் தொட்ட கைவழியாக வாய்க்குட் செல்லக்கூடும். தவழும் குழந்தையை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

மின்செருகியை நீர் எட்டியிருப்பின் அறைக்குள் காலடி வையாதீர்கள். இறப்பர்க் கையுறையும் சப்பாத்தும் அணிந்து, காயங்களை மூடி, யன்னல்களைத் திறந்தபின் வேலையைத் தொடங்கலாம். முதலில் அழுக்கை அள்ளி, சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு கழுவவேண்டும். கிருமிநாசினி அதன் பின்னரே பயன்தரும். அழுக்கின்மேல் ஊற்றுவது வீண். ஜாவெல் திரவத்துடன் மலசலகூடம் கழுவும் அமிலத்தை ஒருபோதும் சேர்க்கவேண்டாம். எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். அதனைச் சுவாசித்தவரை வெளியே கொணர்ந்து, நச்சுத் தகவல் நிலையத்தை 145 என்ற இலக்கத்தில் எந்நேரமும் அழைக்கலாம். மூச்சுத் திணறினால் 144. நனைந்த மெத்தையும் கழிவுநீர் பட்ட உணவும் குப்பைக்கே உரியன. துணிகளை 60 பாகையில் துவையுங்கள்.

காய்ச்சலோ இரத்தம் கலந்த வயிற்றோட்டமோ கண்டால், கழிவுநீரைத் தொட்ட செய்தியை மருத்துவரிடம் கூறுங்கள். செங்கண்மாரியை உண்டாக்கும் ஏ வகை ஈரல் அழற்சி ஏறத்தாழ 4 வாரங்கள் சென்றே தலைகாட்டும் என்பதால், சம்பவம் நடந்த திகதியைக் குறித்து வைத்திருங்கள்.